இடது இறக்கையைத் தேய்த்துவிடாதீர்கள்: மாக்கி சி.202 ஃபோல்கோரே மாடல் செய்வது எப்படி

நான் முதன்முதலில் ஒட்டிய மாக்கி விமானத்தின் இடது இறக்கை வலதைவிடக் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டர் நீளமாக இருந்தது. வார்ப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்து, உப்புத்தாளை எடுத்து நுனியைத் தேய்த்து இரண்டையும் சமமாக்கிவிட்டேன். ஒரு வாரம் பெருமையாகவும் இருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, நிஜ விமானத்திலேயே அந்த இறக்கை அப்படித்தான் என்று.

இரண்டாம் உலகப்போர்க் கால இத்தாலியப் போர்விமானமான இதை வடிவமைத்தவர் மாரியோ காஸ்டோல்டி. பந்தய விமானங்கள் செய்து பழகிய கை. 1934இல் ஃபிரான்செஸ்கோ அஜெல்லோ மணிக்கு 709 கி.மீ. வேகத்தில் ஓட்டிச் சாதனை படைத்த எம்.சி.72 கடல்விமானமும் அவருடையதுதான். எஞ்சின் ப்ரொப்பெல்லரை ஒரு பக்கம் சுற்றும்போது விமானத்தின் உடல் மறுபக்கம் உருளப் பார்க்கும். இதைச் சமாளிக்க அவர் இடது இறக்கையைச் சுமார் 20 செ.மீ. நீட்டிவிட்டார். அந்தப் பக்கம் தூக்குவிசை கொஞ்சம் கூடும், உருளல் அடங்கும். 1/72 அளவில், அதாவது நிஜ விமானத்தில் 72இல் ஒரு பங்காகச் செய்யும் மாடலில், அது 2.8 மி.மீ., 1/48 அளவில் 4 மி.மீ.க்குச் சற்று மேல். ஆகவே முதல் பாடம்: பெட்டியைத் திறந்ததும் எதையும் திருத்தாதீர்கள்.

ஃபோல்கோரே என்றால் இத்தாலிய மொழியில் மின்னல், இடி. இதன் அண்ணன் சி.200இல் முன்பக்கம் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்த தடித்த ரேடியல் எஞ்சின். அதன் உடலிலேயே ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் டிபி 601 எஞ்சினைப் பொருத்தியதும் மூக்கு ஒல்லியாகி, வேகம் 600 கி.மீ.யைத் தொட்டது. முதல் முறை பறந்தது 1940 ஆகஸ்ட் 10, இத்தாலி போரில் குதித்துச் சரியாக இரண்டு மாதம் கழித்து. ஆயிரத்துக்கும் மேல் தயாரித்தார்கள். இன்று முழுதாகக் காணக் கிடைப்பவை மிகச் சில. ரோமுக்குப் பக்கத்தில் விக்னா தி வாலே அருங்காட்சியகத்தில் ஒன்று, வாஷிங்டன் ஸ்மித்சோனியனில் ஒன்று. இரண்டின் படங்களையும் இணையத்தில் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிட்டோடு, அதாவது மாடல் பாகங்கள் அடங்கிய பெட்டியோடு, வரும் குறிப்புத்தாளைவிடப் பல நேரம் அவை உதவும்.

எந்தக் கிட், என்னென்ன சாமான்

இத்தாலேரி, ஹாசிகாவா போன்ற மாடல் நிறுவனங்களிலிருந்து இந்த விமானம் 1/72, 1/48 அளவுகளில் வந்திருக்கிறது. முதல் முறை செய்பவருக்கு 1/48 என்று சொல்வேன். இறக்கை 22 செ.மீ. வரும், கையில் பிடிக்க வாகு. மேலே போடப்போகும் வண்ணக்கோலத்துக்கு இடமும் வேண்டும். 1/72இல் 15 செ.மீ.க்குள் எல்லாம் அடங்கிவிடும், கண்ணுக்கு வேலை.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. பாகங்களை வெட்ட ஒரு பக்க நிப்பர், கூரான மாடல் கத்தி, 400 முதல் 2000 வரை உப்புத்தாள், பிளாஸ்டிக்கை ஒட்டும் தண்ணி போன்ற மாடல் சிமெண்ட், மாஸ்கிங் டேப், கொஞ்சம் பட்டி, மூன்று தூரிகைகள். தூரிகையில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். காற்றால் பெயிண்ட் தெளிக்கும் ஏர்பிரஷ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இந்த மாடலை முடிக்கலாம். சிமெண்டும் தின்னரும் ஆவியாகும்போது தலை சுற்றும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஸ்ப்ரே அடிக்கும்போது முகமூடி போடுங்கள்.

காக்பிட்

பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் ஸ்ப்ரூ சட்டங்களைப் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். அச்சில் ஒட்டாமல் இருக்கத் தடவிய எண்ணெய் போக வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் பெயிண்ட் தோலாக உரியும்.

காக்பிட் உள்ளே வெளிர் பச்சை. இத்தாலியர்கள் இதைத் துருத்தடுப்புப் பச்சை என்றே அழைத்தார்கள். வெள்ளையில் கொஞ்சம் பச்சை, ஒரு துளி மஞ்சள் கலந்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். கருவிப்பலகை கறுப்பு, அதன் மேல் வட்டங்களுக்குச் சின்ன டீகால், அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் படம், இருக்கும். இருக்கைப் பட்டைக்கு மாஸ்கிங் டேப்பை ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வெட்டி ஒட்டி மங்கலான பழுப்பு பூசினால் போதும். மூடிய கண்ணாடிக்குள் இதற்கு மேல் யாருக்கும் தெரியப்போவதில்லை. சி.200 விமானிகள் மூடிய காக்பிட்டே வேண்டாம் என்று அடம்பிடித்துத் திறந்ததாக மாற்ற வைத்தார்கள். சி.202இல் மறுபடி மூடிக்கொண்டது. நீங்களும் மூடியே ஒட்டுங்கள்.

உடலும் இறக்கையும்

இரண்டு பாதி உடலையும் சிமெண்ட் இல்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். காக்பிட் எங்காவது இடித்தால் இப்போதே தேய்த்துச் சரி செய்யலாம். அப்புறம் பாதிகளைச் சேர்த்துப் பிடித்து, தூரிகையால் சிமெண்டை மூட்டின் மேல் தொட்டால் போதும், அதுவே உள்ளே ஓடிவிடும். விரல் மூட்டின் மேல் இருக்கக்கூடாது. இருந்தால் உங்கள் கைரேகை காலத்துக்கும் பதிந்துவிடும். ரப்பர் பேண்ட் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள்.

மூட்டைத் தேய்க்கும்போது மூக்கின் மேல்பக்கம் கவனம். இரண்டு 12.7 மி.மீ. இயந்திரத் துப்பாக்கிகளுக்கான பள்ளங்கள் அங்கேதான் இருக்கின்றன, ஒரே இழுப்பில் மழுங்கிவிடும். மூக்கின் இடப்பக்கம் எஞ்சினுக்கான காற்றுவாய். ஆப்பிரிக்கப் பாலைவனத்துக்குப் போன விமானங்களில் அதன் மேல் மணல் வடிகட்டி இருந்தது. சில கிட்களில் இரண்டு வகையும் வரும். எந்த விமானத்தைச் செய்யப்போகிறீர்கள் என்று முடிவு செய்துவிட்டு ஒட்டுங்கள்.

இறக்கையை உடலோடு சேர்த்ததும் எதிரே நின்று பாருங்கள். இரண்டு நுனியும் மேசையிலிருந்து ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். உயரம்தான் ஒன்று, நீளம் இல்லை! இறக்கை உடலோடு சேருமிடத்தில் மயிரிழை இடைவெளி வந்தால் பட்டி பாருங்கள். கார் பட்டறையில் செய்வதேதான்: கொஞ்சமாகப் பூசு, காயவிடு, தண்ணீர் தொட்டுத் தேய். வயிற்றுக்கடியில் ரேடியேட்டர் பெட்டி, மூக்குக்கடியில் ஆயில் கூலர். சக்கரங்கள், ப்ரொப்பெல்லர், ஆண்டெனா எதையும் இப்போது ஒட்ட வேண்டாம். ஒட்டினால் பெயிண்ட் அடிப்பதற்குள் உடைந்துவிடும்.

காக்பிட் கண்ணாடியை சூப்பர் குளூவால் ஒட்டாதீர்கள், அதன் ஆவி கண்ணாடியை வெண்மூட்டமாக்கிவிடும். நம் சாதாரண ஃபெவிகால் போதும், காய்ந்தால் நிறமே தெரியாது. சட்டங்கள் தவிர மற்ற இடங்களை டேப்பால் மூடுங்கள். பெயிண்ட் பூசும்போது முதலில் காக்பிட்டின் உள்நிறம், அதன் மேல் வெளிநிறம். உள்ளிருந்து பார்த்தால் சட்டம் பச்சையாகத் தெரியும்.

வண்ணம்

எல்லோரும் பயப்படும் இடம் இதுதான். வெளிர் மணல் நிறத்தின் மேல் கரும்பச்சையில் சின்னச் சின்னப் புகை வளையங்கள், மூக்கிலிருந்து வால்வரை நூற்றுக்கணக்கில். இதைப் பார்த்தே கிட்டைப் பெட்டியோடு பரணில் போட்டவர்கள் உண்டு. ஒரு விஷயம் மட்டும் மனதில் வையுங்கள். அந்த வளையங்களைத் தொழிற்சாலையில் ஆட்கள் ஸ்ப்ரே துப்பாக்கியைக் கையில் பிடித்து அடித்தார்கள். மாக்கி மட்டுமில்லாமல் பிரேதா, அம்ப்ரோசினி நிறுவனங்களும் இந்த விமானத்தைக் கட்டின. அதனால் இடத்துக்கு இடம் பாணி மாறியது, ஒரே கூடத்தில் வந்த இரண்டு விமானங்கள்கூட ஒன்றுபோல இல்லை. கிட் படத்தில் உள்ள ஒவ்வொரு வளையத்தையும் அப்படியே நகலெடுக்க நினைத்தால்தான் தோற்போம். அடர்த்தியும் அளவும் மட்டும் படத்தோடு ஒத்துப்போனால் போதும்.

முதலில் சாம்பல் பிரைமர். அடுத்து வெள்ளை, ஆனால் முழுவதும் இல்லை. மத்தியதரைக்கடல் போர்முனையில் பறந்த இத்தாலிய விமானங்களுக்கு உடலின் பின்பாதியில் அடையாளமாக அகலமான வெள்ளைப் பட்டை உண்டு. அந்த இடத்தில் வெள்ளை அடித்து, காய்ந்ததும் டேப்பால் மூடிவிடுங்கள். மணல் நிறத்துக்கு மேல் வெள்ளை அடிக்கப் பார்த்தால் நாலு கோட் போட்டாலும் அழுக்காகவே தெரியும்.

அடிப்பக்கம் வெளிர் நீலச்சாம்பல், இத்தாலியக் குறிப்பில் கிரிஜோ அஸ்ஸுர்ரோ கியாரோ 1. மேலே நொச்சோலா கியாரோ 4, அதாவது வெளிர் ஹேசல்கொட்டை நிறம். வளையத்துக்கு வெர்தே ஒலிவா ஸ்கூரோ 2, கரும் ஆலிவ் பச்சை. லைஃப்கலர் என்ற இத்தாலிய நிறுவனம் இந்த நிறங்களை அப்படியே விற்கிறது. கிடைக்காவிட்டால் நான் தமியாவின் எக்ஸ்எஃப்-59இல் கொஞ்சம் வெள்ளை சேர்த்து மணல் நிறமாகவும், எக்ஸ்எஃப்-61ஐப் பச்சையாகவும் வைத்துக்கொள்வேன். ஆப்பிரிக்க வெயிலில் எல்லா நிறமும் வெளுத்ததுதானே, துல்லியத்துக்காகச் சண்டை போடுவதில் அர்த்தமில்லை.

மணல் நிறம் ஒரு நாள் முழுக்கக் காயட்டும். அதற்குள் நாலு பிளாஸ்டிக் ஸ்பூனை எடுத்து அதே நிறம் பூசி வளையம் போட்டுப் பழகுங்கள். ஸ்பூனின் முதுகு விமான உடல் மாதிரியே வளைந்திருக்கும்.

ஏர்பிரஷ் என்றால் 0.2 அல்லது 0.3 மி.மீ. நாசில், காற்றழுத்தம் 12 பிஎஸ்ஐ அளவில். பெயிண்ட் தண்ணிப்பால் பதத்தில், பங்குக்கு இரண்டு பங்கு தின்னர்வரை போகலாம். நுனி மாடலிலிருந்து ஒரு செ.மீ. தூரத்தில்தான் இருக்க வேண்டும். முதலில் காற்று, பிறகு மெல்லப் பெயிண்ட், கையை நிறுத்தாமல் ஒரு சுழி. ஜாங்கிரி பிழிபவரைப் பார்த்திருக்கிறீர்களா, துணியை அமுக்கிய பிறகு கை எங்கும் நிற்காது. நின்றால் சொட்டு. வளையத்தை முழுதாக மூட வேண்டியதில்லை. சில முக்கால் வட்டம், சில நெளிந்தவை, சில ஒன்றோடொன்று ஒட்டியவை என்று விடுங்கள். வாலில் ஆரம்பித்து முன்னே வாருங்கள். மூக்கை அடையும்போது கை பழகியிருக்கும். எங்காவது தடித்துவிட்டால் மணல் நிறத்தை எடுத்து வளையத்தின் நடுவில் ஒரு புள்ளி அடித்து மெலிதாக்கலாம். நான் செய்ததில் பாதி வளையங்கள் இப்படித் திருத்தியவைதான்.

தூரிகையில் செய்பவர்கள் வல்லேஹோ மாதிரித் தண்ணீரில் கரையும் பெயிண்டை எடுங்கள். தமியா அக்ரிலிக் தூரிகையில் இழுத்தால் கீழ்க்கோட்டைக் கரைத்துக் கொண்டு வரும். மூன்று சைபர் தூரிகை வேண்டாம், நுனி கூராக உள்ள 0 அல்லது 1 எண் நல்லது. சின்னத் தூரிகையில் ஒரு வளையம் முடிவதற்குள் பெயிண்ட் உலர்ந்துவிடும். எல்லாம் முடிந்ததும் மணல் நிறத்தை மிக நீர்க்கக் கரைத்து மேலே ஒரு மெல்லிய பூச்சு கொடுத்தால் வளையத்தின் ஓரங்கள் மங்கி ஸ்ப்ரே அடித்தது போலவே தெரியும். வளையங்களையே டீகாலாக அச்சடித்து விற்பவர்களும் உண்டு. வளைந்த மூக்கில் அவற்றை மடிப்பில்லாமல் ஒட்டுவதற்குப் பட்ட பாட்டில் நான் கையாலேயே போட்டிருப்பேன்.

டீகால்

வெள்ளைப் பட்டையின் டேப்பை உரியுங்கள். மாடல் முழுக்கப் பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ் அடித்து ஒரு நாள் விடுங்கள். சொரசொரப்பான மேட் பெயிண்டில் நேராக டீகால் ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளிபோலப் பளபளக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம், அப்புறம் ஈரத் தூரிகையால் நகர்த்தி வையுங்கள். மேலே டீகால் மென்மையாக்கும் திரவம் ஒரு தொடு. டீகால் முதலில் சுருங்கிப் பயமுறுத்தும், கை வைக்காதீர்கள், தானாகப் படிந்துவிடும்.

இறக்கையில் மூன்று ஃபாஸ்கெஸ் (கோடரியோடு கட்டிய கம்புக்கட்டு) கொண்ட வட்டம், வாலின் சுக்கானில் சவோய் அரச குடும்பத்தின் வெள்ளைச் சிலுவை. 4ஆவது ஸ்டோர்மோ என்ற இத்தாலிய விமானப்படைப் பிரிவின் விமானத்தைத் தேர்ந்தெடுத்தால் துள்ளும் கறுப்புக் குதிரையும் கிடைக்கும். ஆமாம், ஃபெராரி காரில் பார்க்கும் அதே குதிரைதான். முதல் உலகப்போர் விமானி ஃபிரான்செஸ்கோ பராக்காவின் சின்னம் அது. அவர் இறந்த பிறகு அவரது தாயார் என்ஸோ ஃபெராரியிடம் காரில் போட்டுக்கொள்ளச் சொன்னார். அந்தக் குதிரைக்காகவே நான் எப்போதும் 4ஆவது ஸ்டோர்மோவைத்தான் எடுப்பேன்.

கடைசி வேலைகள்

தகட்டு இணைப்புக் கோடுகளில் கரும்பழுப்பு ஆயில் பெயிண்டை எனாமல் தின்னரில் கரைத்து ஓடவிட்டு, அரை மணி கழித்துப் பஞ்சுக்குச்சியால் துடையுங்கள். கறுப்பு வேண்டாம், மணல் நிறத்தில் கறுப்புக் கோடு கார்ட்டூன் மாதிரி இருக்கும். புகைக்குழாய்க்குப் பின்னால் லேசாகக் கறை, இறக்கை வேரில் விமானி கால் வைக்கும் இடத்தில் இரண்டு மூன்று வெள்ளிக் கீறல். அதற்கு மேல் போனால் குப்பையிலிருந்து எடுத்தது போலாகிவிடும். பிறகு மேட் வார்னிஷ்.

இப்போது சக்கரங்கள், கதவுகள், ப்ரொப்பெல்லர், ஆண்டெனா கம்பம். கம்பத்திலிருந்து வாலுக்குப் போகும் கம்பிக்கு, மிச்சமான ஸ்ப்ரூ சட்டத்தை மெழுகுவர்த்திச் சுடருக்குச் சற்று மேலே காட்டி, தொய்ந்ததும் தீயிலிருந்து விலக்கி இரண்டு கையாலும் மெல்ல இழுங்கள். தலைமுடியைவிட மெல்லிய இழை கிடைக்கும். ஃபெவிகால் தொட்டு முதலில் கம்பத்தில் ஒட்டுங்கள், காய்ந்த பிறகு வாலில். கொஞ்சம் தொய்வாக இருந்தால், ஊதி அணைத்த ஊதுபத்தியின் சூட்டைத் தள்ளியே காட்டுங்கள். இழை தானே விறைத்துக்கொள்ளும்.