டவரில் டிஜிட்டல் கிளியரன்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

புறப்படும் முன் விமானத்துக்கு டவர் (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம்) கொடுக்கும் அனுமதிதான் கிளியரன்ஸ். அதை ரேடியோவில் பேசி வாங்குவது எப்படி நடக்கும் என்று முதலில் பார்த்துவிடலாம். எந்த விமான நிலையம் வரை, எந்தப் பாதையில், முதலில் எவ்வளவு உயரம், புறப்பட்டதும் எந்த அலைவரிசை, ரேடாரில் விமானத்தை அடையாளம் காட்டும் ஸ்குவாக் எண் என்ன என்று ஐந்தையும் கன்ட்ரோலர் சொல்வார், பைலட் திருப்பிச் சொல்வார், அது சரியா என்று கன்ட்ரோலர் காது கொடுத்துக் கேட்பார். நெரிசலான நேரத்தில் இது அலைவரிசையை அடைத்துவிடும், எண்கள் மாறிக் காதில் விழும், வரிசையாகப் பத்து விமானங்கள் காத்திருக்கும். அதனால்தான் கிளியரன்ஸை எழுத்துச் செய்தியாக அனுப்பும் டேட்டாலிங்க் வந்தது, வந்தது நல்லதுதான். ஆனால் சொல்வது, திருப்பிச் சொல்வது, கேட்டுச் சரிபார்ப்பது என்ற மூன்று வேலைகளும் புது ஏற்பாட்டில் காணாமல் போவதில்லை, வேறு வேறு இடங்களுக்குப் போய்விடுகின்றன. எங்கே போயின என்று தெரியாமல் வேலை செய்வதிலிருந்துதான் கீழே சொல்லும் தவறுகளில் பெரும்பாலானவை முளைக்கின்றன.

முதல் தவறு, "அனுப்பியாச்சு" என்பதை "கிடைச்சாச்சு" என்று எடுத்துக்கொள்வது. ஏரின்க் 623 என்ற டேட்டாலிங்க் தரநிலைப்படி புறப்பாட்டு கிளியரன்ஸ் ஒரே செய்தியில் முடிவதில்லை. பைலட் கோரிக்கை அனுப்புகிறார், கோரிக்கை வந்து சேர்ந்தது என்று தரையிலிருந்து ஒரு சிஸ்டம் செய்தி போகிறது, பிறகு கிளியரன்ஸ் போகிறது, பைலட் அதை ஏற்று திருப்பி அனுப்புகிறார், அனுப்பியதும் திரும்பி வந்ததும் ஒன்றுதானா என்று கணினி ஒப்பிட்டுப் பார்த்து, சரி என்று கடைசியாக இன்னொரு செய்தி அனுப்புகிறது. அந்தக் கடைசிச் செய்தி வரும்வரை கிளியரன்ஸ் முடிந்ததாகக் கணக்கில்லை. நடுவில் நேரக்கெடு தாண்டினாலோ ஒப்பீடு பொருந்தாமல் போனாலோ ரேடியோவுக்குத் திரும்ப வேண்டும். இதில் டவர் பக்கத்துத் தவறு என்னவென்றால், "அனுப்பப்பட்டது", "உறுதியானது" என்ற இரண்டு நிலைகளையும் திரையில் கிட்டத்தட்ட ஒரே நிறத்தில் காட்டும் வடிவமைப்பு. வேலை மும்முரத்தில் யாரும் நிற நுணுக்கம் பார்க்க மாட்டார்கள், இரண்டும் பார்த்தவுடன் வேறு வேறாகத் தெரிய வேண்டும்.

இதோடு ஒட்டிய இன்னொரு குழப்பம், எல்லா டிஜிட்டல் கிளியரன்ஸும் ஒன்றுதான் என்று நினைப்பது. அமெரிக்காவில் இரண்டு வகை பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. பழைய பிடிசி (புறப்பாட்டுக்கு முந்தைய கிளியரன்ஸ்) முறையில் டவர் அனுப்பும் கிளியரன்ஸ் விமான நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்து ஏகார்ஸ் என்ற விமானச் செய்தி வலையமைப்பு வழியாகவோ கேட்டில் உள்ள பிரிண்டர் வழியாகவோ பைலட்டுக்குப் போகும், திருப்பிச் சொல்ல வேண்டியதில்லை. அதாவது பைலட் படித்தாரா என்று டவருக்கு அந்த வழியில் தெரியாது. கிளியரன்ஸ் மாறினால் அதை வாயால்தான் சொல்லியாக வேண்டும், ஒரே விமான நிலையத்திலிருந்து ஒரே அழைப்புக்குறிக்கு 18 மணி நேரத்தில் ஒரு பிடிசிக்கு மேல் போகாது. 2015இல் டவர்களுக்கு வரத் தொடங்கிய சிபிடிஎல்சி (கன்ட்ரோலரும் பைலட்டும் டேட்டாலிங்கில் செய்தி பரிமாறும்) முறையோ டவருக்கும் காக்பிட்டுக்கும் இடையே நேராக ஓடுவது, பைலட் ஏற்றுக்கொண்டதற்கான பதில் திரும்பி வரும், திருத்தங்களும் அதே வழியில் போகும். ஒன்றில் பழகிய கை மற்றதில் அதே நம்பிக்கையோடு வேலை செய்தால் சிக்கல்தான். பயிற்சியில் இரண்டையும் ஒரே பாடமாக நடத்தாதீர்கள்.

அடுத்து திருத்தம். எனக்கு அதிகக் கவலை தருவது இதுதான். காற்று திசை மாறுகிறது, ஓடுபாதை மாறுகிறது, ஏற்கெனவே கிளியரன்ஸ் வாங்கிய விமானங்களின் புறப்பாட்டுப் பாதை எல்லாம் ஒரே நிமிடத்தில் செல்லாததாகிவிடுகிறது. சிஸ்டம் அத்தனைக்கும் புது கிளியரன்ஸ் தயாரித்து வரிசையாக அனுப்பிவிடும், அந்தப் பெருமையில் நாம் மறப்பது, ஒவ்வொரு பைலட்டும் படித்துப் பதில் தரும்வரை காக்பிட்டில் பழைய பாதைதான் உயிரோடு இருக்கிறது. டவர் திரையில் புதுசு மட்டும் தெரிந்தால் ஆபத்து, பதில் வராதவரை பழையதும் கண்ணில் பட வேண்டும். விமானம் நகர ஆரம்பித்துவிட்டால் செய்தி அனுப்பவே அனுப்பாதீர்கள், ரேடியோவில் சொல்லுங்கள். டாக்ஸிவேயில் போய்க்கொண்டிருக்கும் பைலட் குனிந்து திரையைப் படிப்பது யாருக்கும் நல்லதில்லை.

காக்பிட் பக்கம் நடக்கும் தவறு வேறு மாதிரி. சிபிடிஎல்சியில் வந்த பாதையை ஒரு பொத்தானில் விமானத்தின் கணினிக்குள் ஏற்றிவிடலாம். ஏற்றிவிட்டு, கிளியரன்ஸ் வாசகத்தை வரி வரியாகப் படிக்காமல் விடுவதுதான் பிரச்சினை. முதல் பகுதி மட்டும் மாற்றப்பட்டு, மீதி, முன்பே கொடுத்த விமானத் திட்டத்தில் "தாக்கல் செய்தபடி" என்று வரும்போது பழகிய கண் அந்தக் கடைசி வார்த்தைகளை மட்டும் பிடித்துக்கொள்ளும். புது வழிப்புள்ளி (பாதையில் பெயரிட்ட இடம்) எங்கே பழைய பாதையில் சேருகிறது, நடுவில் வெட்டு விழுந்திருக்கிறதா, புறப்பாட்டுப் பாதையும் ஓடுபாதையும் தனியாகத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று ஒருவர் வாசிக்க ஒருவர் பார்க்க வேண்டும். சந்தேகம் வந்தால் டவரைக் கேட்பதில் தயக்கமே வேண்டாம்.

சரி, இவை எல்லாம் வேலை செய்யும் நேரத்துத் தவறுகள். பல தவறுகள் அதற்கு முன்பே, விமானத் திட்டத்தைத் தாக்கல் செய்யும் மேசையிலேயே நடந்துவிடுகின்றன. விமானத்தில் என்ன கருவி இருக்கிறது, எந்த வழியில் கிளியரன்ஸ் வேண்டும் என்பதெல்லாம் திட்டப் படிவத்தின் 10ஆம், 18ஆம் கட்டங்களில் குறியீடாகப் போக வேண்டும். அது விடுபட்டால் கருவி இருந்தும் பயனில்லை. கடைசி நேரத்தில் விமானத்தை மாற்றிவிட்டுப் பதிவெண்ணைத் திருத்தாமல் விடுவதும், திட்டத்தில் உள்ள அழைப்புக்குறியும் காக்பிட்டில் அடித்ததும் ஒரு பூஜ்யத்தால் வேறுபடுவதும் டேட்டாலிங்கில் விமானம் தன்னைப் பதிவு செய்யும் லாகான் நிராகரிக்கப்படுவதற்கு வழக்கமான காரணங்கள். பழைய திட்டத்தை ரத்து செய்யாமல் புதிதாக ஒன்றைத் தாக்கல் செய்வது இதைவிட மோசம், ஏனென்றால் டவரிடம் ஒரே விமானத்துக்கு இரண்டு பாதைகள் இருக்கும், எதற்குக் கிளியரன்ஸ் போகும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்ததாகிவிடும்.

இனி எலக்ட்ரானிக் ஸ்ட்ரிப். ஒவ்வொரு விமானத்தின் விவரமும் எழுதிய காகிதச் சீட்டுதான் ஸ்ட்ரிப், அதைத் திரையில் காட்டுவது இது. காகிதத்தை அப்படியே திரையில் வரைந்துவிட்டால் போதும் என்று சிலர், எல்லாவற்றையும் தானாக நகரவிடலாம் என்று சிலர். இரண்டிலும் ஒரு விஷயம் விடுபடுகிறது. கன்ட்ரோலர் ஸ்ட்ரிப்பைக் கையால் நகர்த்துவதும், சற்று வெளியே இழுத்து வைப்பதும் ஞாபகத்துக்குத்தான். 1991 பிப்ரவரி 1 அன்று லாஸ் ஏஞ்சலஸில் தரையிறங்கிய போயிங் 737, அதே ஓடுபாதையில் புறப்படக் காத்திருந்த சிறு விமானத்தின் மேல் மோதி 35 பேர் இறந்தார்கள். மோதலுக்குச் சற்று முன் கன்ட்ரோலரின் கவனம் மூன்றாவது ஒரு விமானத்தின் பக்கம் போயிருந்தது, அதன் ஸ்ட்ரிப் அவரிடம் வந்து சேராமல் கிளியரன்ஸ் டெலிவரி இடத்திலேயே தங்கிவிட்டது. விபத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன, ஆனால் ஒரு ஸ்ட்ரிப் தவறான இடத்தில் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அதிலிருந்து தெரியும். திரையில் ஸ்ட்ரிப் தொலையாது என்பது உண்மை, ஆனால் கன்ட்ரோலர் தொடாமலே தானாக இடம் மாறினால் அவர் மனதில் அது மாறியிருக்காது. ஓடுபாதைக்குள் அனுப்புவது, புறப்பட அனுமதிப்பது போன்ற இடங்களில் கையால் தொடும் வேலையை விட்டுவையுங்கள். ஓடுபாதையில் வாகனம் இருக்கிறது என்று தடுத்து வைக்கும் ஸ்ட்ரிப்பையும் கட்டாயம் வையுங்கள்.

கடைசியாக மாற்று ஏற்பாடு. 2023 ஆகஸ்ட் 28 அன்று பிரிட்டனில் விமானத் திட்டங்களைப் பிரித்துப் படிக்கும் கணினி நின்றது. ஒரே திட்டத்தில் டிவிஎல் என்ற ஒரே குறியீடு கொண்ட இரண்டு வழிப்புள்ளிகள் இருந்தன, ஒன்று அமெரிக்காவின் டெவில்ஸ் லேக், மற்றொன்று பிரான்ஸின் டோவில். கணினியால் அதைத் தீர்க்க முடியவில்லை, தவறான தரவைக் கடத்துவதைவிட நிற்பது மேல் என்று நின்றுவிட்டது. உடனே மாற்றுக் கணினி வேலையை எடுத்தது, அதே மென்பொருள், அதே திட்டம், அதுவும் நின்றது. எல்லாம் 20 விநாடிக்குள். மணிக்கு 800 திட்டங்கள் வரை கையாளும் சிஸ்டம் போய், கையால் மணிக்கு சுமார் 60 என்றாகி, ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். வன்பொருள் கெட்டால் அந்த மாற்று உதவியிருக்கும், தரவே சிக்கலாக வந்தால் உதவாது. உங்கள் டவரின் மாற்று எந்த வகைக் கோளாறுக்கானது என்று கேளுங்கள்.

மாற்று முறையைப் பயிற்சி செய்யும்போது பலர் அமைதியான நேரத்தில் சிஸ்டத்தை நிறுத்தி, ரேடியோவில் கிளியரன்ஸ் கொடுத்துப் பார்த்து முடித்துவிடுகிறார்கள். அது பாதிதான். சிஸ்டம் நின்ற கணத்தில் யாருக்குக் கிளியரன்ஸ் உறுதியானது, யாருக்கு அனுப்பி பதில் வரவில்லை, யார் திருத்தத்துக்குக் காத்திருக்கிறார் என்பது தெரிந்தால்தான் எவரை முதலில் கூப்பிடுவது என்று முடிவு செய்ய முடியும். அந்தப் பட்டியல் சில நிமிடத்துக்கு ஒருமுறை தனியாக ஒரு பிரிண்டரிலோ வேறு கணினியிலோ பதிவாக ஏற்பாடு செய்துவிட்டு, அப்புறம் நெரிசல் நேரத்தின் போக்குவரத்தை சிமுலேட்டரில் ஓட்டி, நடுவில் சிஸ்டத்தை நிறுத்திப் பயிற்சி கொடுங்கள்.