ஆன்டிபயாடிக் குடிக்கும் குழந்தையின் நாக்கு கறுத்துப்போனால்

காதுவலிக்கு அமாக்ஸிசிலின் சிரப் ஆரம்பித்த ஐந்தாம் நாள் காலை, பல் தேய்க்க வாயைத் திறந்தான் என் நாலு வயசு மகன், நாக்கு நடுவில் கரி பூசின மாதிரி இருந்தது. மும்பை மாட்டுங்காவில் ஜூன் மாசம், தெருவெல்லாம் நாவல் பழம், போதாததற்கு முந்தின நாள் அவன் அப்பா காலா கட்டா, அதாவது கறுப்புச் சாயப் பாகு ஊற்றின ஐஸ் துருவல், வேறு வாங்கிக் கொடுத்திருந்தார். பாவம், பழி அவர் மேல்தான் விழுந்தது.

நீங்களும் முதலில் என்ன சாப்பிட்டான் என்று விசாரியுங்கள். பழச்சாயமும் மிட்டாய்ச் சாயமும் ஓரிரு நாளில் போய்விடும். இரும்புச்சத்து சொட்டு மருந்தும் கறையாக்கும்.

சாயம் இல்லையென்றால் ஆன்டிபயாடிக்காக இருக்கலாம். நாக்கின் மேல் நுண்ணிய முனைகள் இருக்கின்றன இல்லையா, அவை வழக்கம்போல் தேய்ந்து உதிராமல் நீண்டுவிடும். மருந்தோ வாயில் வாழும் கிருமிகளின் சமநிலையைக் கலைத்துவிடும், அப்போது நிறம் உண்டாக்கும் கிருமிகள் அந்த முனைகளில் தங்கிப் பெருகும். கறுப்பு, பழுப்பு, சில சமயம் மஞ்சள்கூட வரும். வலி இருக்காது, பார்க்கத்தான் பயங்கரம்.

பயந்துபோய் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து டாக்டருக்கு அனுப்பி, தொடரலாமா என்று கேளுங்கள். எங்கள் டாக்டர் தொடரச் சொன்னார். மாமியார் அதற்குள் நாக்கு வழிப்பானோடு வந்துவிட்டார், அழுத்தி வழித்தால் புண்தான் மிச்சம். மெத்தென்ற பிரஷ்ஷால் நாக்கையும் சேர்த்து காலையும் ராத்திரியும் மெதுவாகத் தேய்த்தால் போதும், ஒவ்வொரு வேளை மருந்துக்கு அப்புறமும் கொஞ்சம் தண்ணீர் குடிக்கவையுங்கள்.

ஆனால் எல்லா நிறமும் சாதுவானது இல்லை. உதடும் நாக்கும் நீலம் பாய்ந்தாலோ, முகம் வீங்கி மூச்சு இழுத்தாலோ போன் எல்லாம் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். காய்ச்சலோடு நாக்கு ஸ்ட்ராபெரி மாதிரி சிவந்து புள்ளி புள்ளியாக இருந்தால் அன்றைக்கே காட்டுங்கள். தயிர் ஒட்டின மாதிரி வெள்ளைத் திட்டு, துடைத்தால் ரத்தம் கசிகிறதென்றால் அது பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு மருந்து வேறு.

எங்களுக்கு சிரப் முடிந்த நாலாம் நாள் நாக்கு பழையபடி ஆகிவிட்டது. அன்று சாயங்காலமே அப்பாவும் பிள்ளையும் மறுபடி காலா கட்டா வண்டி முன்னால் நின்றார்கள்.