பிளட்டூன் தலைமையோடு ஸ்குவாடுகளின் தொடர்பு அறுபடாமல் நகர்த்துவது எப்படி?

காங்கேயம், வெள்ளகோவில் பக்கத்துக் கொறங்காடுகளை (வேலியடைத்த மேய்ச்சல் நிலங்களை) பார்த்தவங்களுக்கு, பிரான்சின் நார்மண்டியில் உள்ள பொக்காஜ் வேலியைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. நம்ம கிளுவை வேலியை மண்மேட்டின் மேல் வைத்து, ஆள் உயரத்துக்கு மேல் அடர்த்தியாக வளரவிட்டால் அதுதான். பக்கத்துக் காட்டில் என்ன நடக்கிறது என்று தெரியாது. 'காம்பேட் மிஷன்: பேட்டில் ஃபார் நார்மண்டி' என்ற இரண்டாம் உலகப்போர் கணினி ஆட்டத்தில் புதியவர்களின் காலாட்படை சிதறுவது பெரும்பாலும் இந்த வேலிகளுக்கு நடுவில்தான்.

ஸ்குவாடு என்பது சிறு காலாட்படைக் குழு; மூன்று ஸ்குவாடும் ஒரு தலைமை அணியும் சேர்ந்தது ஒரு பிளட்டூன். தலைமையோடு தொடர்பு அறுந்த ஸ்குவாடும் இந்த ஆட்டத்தில் நீங்கள் சொன்ன இடத்துக்குப் போகும், சொன்ன பக்கம் சுடும். அதனால் தப்பு உடனே கண்ணில் படாது. தோட்டா பறக்க ஆரம்பித்ததும்தான் தெரியும்: பதுங்கியவர்கள் நிதானத்துக்கு வர நேரமாகும், சீக்கிரம் மிரண்டு ஓடுவார்கள், அவர்கள் கண்ட மெஷின்கன் அடுத்த ஸ்குவாடுக்குத் தெரியவே தெரியாது.

1. குறிகளைப் படியுங்கள். ஒரு ஸ்குவாடை கிளிக் செய்து, திரையின் கீழே உள்ள தகவல் பலகையைப் பாருங்கள். பார்வை, குரல், ரேடியோ என்று தொடர்புக்குத் தனித்தனிக் குறிகள் உண்டு. மேல்மட்டத் தலைமையோடு தொடர்பு இருந்தால் பச்சை, இல்லையென்றால் சிவப்பு. ஒவ்வொரு 60 விநாடிச் சுற்று முடிந்ததும் மூன்று ஸ்குவாடுகளையும் ஒருமுறை கிளிக் செய்து பாருங்க.

2. ரேடியோவை நம்பாதீர்கள். 1944 அமெரிக்கத் துப்பாக்கி பிளட்டூனில் ஸ்குவாடுகளுக்கு ரேடியோ கிடையாது. பிளட்டூன் தலைவர் கையில் எஸ்சிஆர்-536 என்ற கைரேடியோ இருக்கும். ஏரியலை இழுத்தால் ஆன் ஆகும், சுமார் 1.6 கி.மீ. எட்டும். அது கம்பெனியோடு (பல பிளட்டூன்கள் சேர்ந்த படைப்பிரிவோடு) பேசத்தான். பிளட்டூனுக்குள் கண்ணும் வாயும் மட்டுமே.

3. தலைமை அணியை நடுவில் வையுங்கள். இரண்டு ஸ்குவாடு முன்னே, ஒன்று பின்னே. தலைமை அணி முன்னிரண்டுக்கும் இடையில், சற்றுப் பின்னால். ஆட்டத்தின் ஒரு கட்டம் 8 மீட்டர்; நான்கைந்து கட்டத்துக்குள் எல்லோரையும் வைத்திருந்தால் குரல் எட்டும் என்பது எங்கள் கணக்கு. ஆனால் தூரத்தைவிட மறைப்புதான் பெரிய வில்லன். திறந்த வெளியில் தள்ளி நின்றாலும் ஒருவரையொருவர் பார்க்கலாம். நடுவே வேலி வந்தால் இருபது மீட்டரிலேயே பார்வைக் குறி போய்விடும். அதனால் முன் ஸ்குவாடுகள் எந்த வேலியில் ஒட்டி நிற்கின்றனவோ, தலைமை அணியும் அதே வேலியின் அதே பக்கம் நிற்கட்டும். வேலிகள் சந்திக்கும் மூலையில் ஆளை நிறுத்தினால், மூலைக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களைக் காண முடிகிறதா என்று குறியைப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

4. தாவித் தாவிப் போங்கள். ஒரே சுற்றில் எல்லோரையும் ஓடவிடாதீர்கள். ஒரு ஸ்குவாடு வேலியின் இடைவெளி வழியே அடுத்த காட்டுக்குள் போகும், மற்ற இரண்டும் காவல் நிற்கும். போன ஸ்குவாடு ஒரு சுற்று சுடுபடாமல் தாக்குப்பிடித்தால், அடுத்த சுற்றில் தலைமை அணி. கடைசியில் மீதி இரண்டும். அந்த ஒரு நிமிடம் முன் ஸ்குவாடுக்குத் தொடர்பு இருக்காது. தெரிந்தே எடுக்கும் ஆபத்து அது. இரண்டு நிமிடத்துக்கு நீட்டாதீர்கள்.

5. தலைமை அணியைச் சண்டை போடவிடாதீர்கள். சும்மா விட்டால் கண்ணில் பட்ட எதிரியை எல்லாம் சுட்டு, தன் இடத்தைக் காட்டிக்கொடுக்கும். 'டார்கெட் ஆர்க்' (இந்தப் பரப்புக்குள் வந்தால் மட்டும் சுடு) கட்டளையில் இருபது மீட்டர் அளவுக்குச் சின்ன வட்டம் போட்டுவிடுங்கள். 'ஹைட்' (பதுங்கு) கட்டளை வேண்டாம், தலையைக் குனிந்துகொண்டால் அவர்கள் பார்வையே குறையும், எதற்காக நிறுத்தினோமோ அது கெட்டுவிடும்.

ஸ்குவாடைப் பிரித்துச் சாரணர் குழு அனுப்பும்போதும் இதே கவனம் தேவை. பிரிந்த சிறு குழுவுக்குத் தலைவரும் இல்லை, தொடர்பும் இல்லை என்றால் இரண்டு தோட்டாவுக்கே உடைந்துவிடும். பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சேர வழி வைத்தே அனுப்புங்கள்.

பிளட்டூன் தலைமை அணியே அழிந்துவிட்டால், கம்பெனித் தலைமை அணியை அந்த ஸ்குவாடுகளின் பக்கம் நகர்த்துங்கள். அதுவரை அவர்களை முன்னே தள்ளாமல், இருக்கிற வேலியிலேயே பிடித்து வையுங்க.