பயிர் நிவாரணத் தொகையை இழக்க வைக்கும் தவறுகள்

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, 33 சதவீதமும் அதற்கு மேலும் சேதமான நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய் என்று தமிழக அரசு அறிவித்தது. இதை ஏக்கருக்கு என்று நினைத்துக் கடன் வாங்கியவர்கள் உண்டு. ஒரு ஹெக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். அதனால் ஏக்கருக்கு 7,000 ரூபாய்கூட வராது. போட்ட செலவுக்கே போதாத அந்தப் பணத்தையும் சின்னச் சின்னக் கவனக்குறைவால் விட்டுவிடக் கூடாது.

முதல் தவறு விதைக்கும்போதே நடந்துவிடுகிறது. எந்த சர்வே நம்பரில், எவ்வளவு பரப்பில், என்ன பயிர் என்பதைச் சொல்வது கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) வைத்திருக்கும் அடங்கல் பதிவேடுதான். வெள்ளம் வந்த பிறகு விஏஓவைத் தேடி ஓடினால், அங்கே உங்கள் வயல் தரிசு என்றோ போன வருடத்துப் பயிர் என்றோ இருக்கலாம். நடவு முடிந்த கையோடு பதிவைச் சரிபார்த்துவிடுங்கள். பட்டா இன்னும் தாத்தா பேரிலேயே இருந்தால், வாய்மொழியாகப் பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகளுக்குள் பணம் யாருக்கு என்ற சிக்கல் வரும். குத்தகைக்காரர் நிலை இன்னும் மோசம். பயிர் வைத்தவர் இவர், பட்டா உள்ளவர் வேறொருவர். 1969-ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டப்படி பெயரைப் பதிந்துகொள்ள வழி இருக்கிறது. நில உரிமையாளர் முகம் சுளிப்பாரே என்று தயங்கினால் நஷ்டம் முழுக்க உழுதவர் தலையில்தான்.

அடுத்தது கணக்கெடுப்பு. வருவாய்த் துறையும் வேளாண் துறையும் வயலுக்கு வருவதற்குள் தண்ணீர் வடிந்திருக்கும். பயிரைக் காப்பாற்ற நீங்கள் வடிய வைப்பதும் உரம் போடுவதும் சரியான வேலைதான். ஆனால் அதற்கு முன்பே, வயல் மூழ்கியிருப்பதை அக்கம்பக்க அடையாளத்தோடு, தேதி தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். பூக்கும் பருவத்தில் மழையில் சிக்கிய நெல் விஷயத்தில் இது ரொம்ப முக்கியம். தூரத்தில் நின்று பார்த்தால் பச்சையாகத்தான் தெரியும்; கதிரைப் பிடுங்கி உருவினால் பாதி பதர். அதனால் வரப்பில் நின்றபடி குறித்துக்கொண்டு போக விடாதீர்கள். கதிரைக் கையில் கொடுத்துக் காட்டுங்கள். 2015-க்கு முன்பு பாதிப் பயிர் போனால்தான் நிவாரணம். இப்போது 33 சதவீதம். அந்தக் கோட்டுக்கு மேலா கீழா என்பது அந்தச் சில நிமிடங்களில் முடிவாகிறது.

பயிர்க் காப்பீடு கட்டியிருக்கிறோமே என்று கணக்கெடுப்பைக் கண்டுகொள்ளாமல் இருப்பதும் தவறு. இரண்டும் வேறு வேறு. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டு இழப்பீடு பெரும்பாலும் கிராம அளவிலான அறுவடைப் பரிசோதனையை வைத்துப் பின்னால் வருவது. நிவாரணம் உங்கள் வயலின் சேதத்துக்கு; காப்பீடு செய்யாதவருக்கும் உண்டு.

அப்புறம், வங்கிக் கணக்கு. சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடு இணைந்ததுபோல் பல இணைப்புகள் நடந்து ஐஎஃப்எஸ்சி எண்கள் மாறிவிட்டன. பழைய பாஸ்புக்கின் நகலைக் கொடுத்தால் பணம் திரும்பிப் போகும். ஆதார் இணைப்பையும் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

பயனாளிகள் பட்டியலில் பெயர் இல்லையென்றால் டீக்கடையில் பேசி ஆற்றிக்கொள்ளாமல், அடங்கல் நகலும் போட்டோவும் சேர்த்து வட்டாட்சியரிடம் எழுத்தில் மனு கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். அங்கே நகரவில்லையா, ஆட்சியர் நடத்தும் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் அதே மனுவை ஒப்புகையோடு கொடுங்கள்.