கார்ட்டூனிஸ்டுக்கு மிரட்டல் வந்தால் என்ன செய்ய வேண்டும்?

ஒரு கார்ட்டூனுக்கு மிரட்டல் வரத் தொடங்கியதும் நண்பர்கள் முதலில் எழுத உட்காருவது கண்டன அறிக்கையை. அதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். வரைந்தவரைக் காப்பாற்றுவது ஆதாரமும், வக்கீலும், அவர் கொடுத்த ஒப்புதலும்தான். அறிக்கையின் முறை அதன் பிறகு.

முதலில் ஆதாரம்

மிரட்டல் பதிவைப் பார்த்ததும் பிளாக் செய்யவே கை போகும். அதற்கு முன் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். கணக்கின் பெயர், இணைய முகவரி, தேதி, நேரம் நான்கும் அதில் தெரிய வேண்டும், ஓரத்தை வெட்டாதீர்கள். கணக்கின் பெயரை மாற்ற ஒரு நிமிடம் போதும் என்பதால், பதிவின் லிங்க்கையும் கணக்கின் லிங்க்கையும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள். அந்தப் பக்கத்தை மெதுவாக உருட்டியபடி எடுத்த திரைப்பதிவு வீடியோவும் இருந்தால், ஸ்க்ரீன்ஷாட் போலி என்று தள்ளிவிடுவது கடினம்.

இவற்றை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருங்கும், கோப்புக்குள் இருக்கும் விவரங்களும் போய்விடும். டாக்குமென்டாக அனுப்புங்கள். மூன்று பிரதிகள் தேவை: ஒன்று வரைந்தவரிடம், ஒன்று வக்கீலிடம், ஒன்று வேறொரு வீட்டில் இருக்கும் நண்பரிடம். கணினியைப் பறிமுதல் செய்தால் அதோடு ஆதாரமும் போய்விடக் கூடாது.

பலரும் விட்டுவிடுவது கார்ட்டூன் உருவான கதையை. பென்சில் ஓவியம், லேயர்களோடு இருக்கும் மூலக் கோப்பு, ஆசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சல், எந்தச் செய்தியைப் படித்து வரைந்தாரோ அந்தச் செய்தி, எல்லாவற்றையும் ஒரே உறையில் போடுங்கள். ஒரு கார்ட்டூன்மீது வழக்கு வரும்போது அது எதைப் பற்றியது என்ற கேள்வியே திசைமாறிப் போகிறது. 2017-இல் கார்ட்டூனிஸ்ட் பாலா கைதானபோது வழக்கில் ஆபாசம் என்ற குற்றச்சாட்டு சேர்ந்தது. கார்ட்டூன் பேசியதோ திருநெல்வேலி கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் ஒரு குடும்பம் தீக்குளித்ததைப் பற்றி. அந்தச் செய்தியும் தேதியும் கோப்பில் இருந்தால்தான் வக்கீலால் பேச்சை மீண்டும் அங்கே இழுத்து வர முடியும்.

எந்த மிரட்டல் அவசரமானது

வசவும் மிரட்டலும் ஒன்றல்ல. வீட்டு முகவரி, பிள்ளையின் பள்ளி, தினமும் போகும் வழி, குறிப்பிட்ட நாள், ஆயுதம் இவற்றில் எது ஒன்று வந்தாலும் அன்றே போலீஸ் புகார், அன்றிரவே வேறு இடம். புகாரின் நகலையும் பதிவு எண்ணையும் வாங்காமல் வெளியே வராதீர்கள். ஒரே வாசகம் பல கணக்குகளிலிருந்து வந்தால் யாரோ ஒருங்கிணைக்கிறார்கள் என்று பொருள். அடுத்து, கூட்டமாக ரிப்போர்ட் செய்து கணக்கை முடக்கப் பார்ப்பார்கள். எல்லாப் படைப்புகளையும் உடனே தரவிறக்கிக்கொள்ளுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பை எஸ்எம்எஸ்ஸில் வைக்காமல் குறியீடு தரும் ஆப்பில் வையுங்கள்; உங்கள் எண்ணுக்கு வேறொருவர் புது சிம் வாங்கிக் கணக்கைப் பிடுங்குவது நடக்கிற விஷயம். மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வெளியே ஒருவரிடம் கொடுங்கள்.

ஒப்புதல் தாள்

இதை மிரட்டல் வரும் முன்பே எழுத வேண்டும். ஒரு பக்கம் போதும்: வக்கீலின் எண், சாப்பிடும் மருந்துகள், தன் சார்பில் யார் பேசலாம், குடும்பத்தைப் பற்றி எதைச் சொல்லக் கூடாது, அந்தக் கார்ட்டூனை மறுபடி வெளியிடலாமா. கடைசிக் கேள்வி மிக முக்கியம். ஆதரவு என்று நினைத்து ஆயிரம் பேர் அதே படத்தைப் பகிரும்போது, காவலில் இருப்பவருக்கு ஆபத்து கூடலாம். வேண்டாம் என்று அவர் எழுதியிருந்தால், ஆதரவாளர்கள் புதிதாக வரைய வேண்டும். 2011-இல் டமாஸ்கஸில் சிரியக் கார்ட்டூனிஸ்ட் அலி ஃபர்ஸாத்தின் கைகளை முகமூடிக்காரர்கள் உடைத்தபோது உலகமெங்கும் கார்ட்டூனிஸ்டுகள் அவருக்காகப் புதிய படங்களை வரைந்தார்கள்.

கைது நடந்தால்

அழைத்துச் சென்ற நேரத்தை நிமிடத்தோடு குறியுங்கள். வந்தவர்கள் எத்தனை பேர், வண்டி எண், காட்டிய தாள் என்ன என்பதையும். பங்களாதேஷில் கார்ட்டூனிஸ்ட் அகமது கபீர் கிஷோரைத் தூக்கிச் சென்ற நாள் ஒன்று, கைது என்று பதிவேட்டில் காட்டிய நாள் வேறு என்பது அவர் 2021-இல் ஜாமீனில் வந்த பிறகு வைத்த குற்றச்சாட்டு. காவலில் சித்திரவதை நடந்தது என்றும் சொன்னார். இடைப்பட்ட நேரத்தில்தான் அடி விழுகிறது. முதல் சந்திப்பிலேயே மருத்துவப் பரிசோதனை கேட்கும்படி வக்கீலிடம் சொல்லுங்கள்.

மன்னிப்புக் கடிதம் எழுதினால் விட்டுவிடுகிறோம் என்பார்கள். வக்கீல் பார்க்காமல் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. நீதிமன்றத்தில் அது ஒப்புதல் வாக்குமூலம்போல நீட்டப்படும்.

பத்திரிகையின் கடமை

வெளியிட முடிவு செய்தது ஆசிரியர்தான், அதை அவரே வெளியே சொல்ல வேண்டும். 1987-இல் ஆனந்த விகடன் அட்டைப்பட நகைச்சுவைக்காகத் தமிழ்நாடு சட்டப்பேரவை 3 மாதச் சிறை விதித்தபோது, மன்னிப்புக் கேட்க மறுத்துச் சிறைக்குப் போனவர் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன். வழக்குச் செலவு யாருடையது என்பதை வேலைக்குச் சேரும்போதே எழுத்தில் வாங்குங்கள். அச்சகமும் விற்பனையாளரும் அதில் அடங்க வேண்டும். மலேசியாவில் கார்ட்டூனிஸ்ட் ஜுனாரை முடக்க நினைத்த போலீஸ், அவர் புத்தகத்தை அச்சிட்டவர்களையும் விற்றவர்களையும் நெருக்கியது.

இப்போது அறிக்கை

இருநூறு சொற்களைத் தாண்ட வேண்டாம். யார், எப்போது, எந்தச் சட்டப் பிரிவு, என்ன கோரிக்கை என்பது போதும். நகைச்சுவையை விளக்காதீர்கள். "படம் எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும்..." என்று தொடங்கவே வேண்டாம். அரசுத் தரப்பு அந்த முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும். குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவு சொல்லும் அளவுகோலைக் கேள்வியாக வையுங்கள்: தடை சட்டத்தில் தெளிவாக இருக்கிறதா, ஏற்கத்தக்க நோக்கம் உண்டா, அந்த நோக்கத்துக்கு இவ்வளவு கடுமை தேவைதானா?

கார்ட்டூனிஸ்டுகளுக்காக இயங்கும் அமைப்புகளான கார்ட்டூனிஸ்ட்ஸ் ரைட்ஸ், கார்ட்டூனிங் ஃபார் பீஸ் இரண்டுக்கும் கோப்பை அனுப்புங்கள். கருத்துச் சுதந்திரத்துக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளருக்கும் முறையிடலாம். நாட்டைவிட்டு வெளியேறும் நிலை வந்தால், கலைஞர்களுக்குத் தங்குமிடம் தரும் நகரங்களின் கூட்டமைப்பான ஐகார்ன் இருக்கிறது. விண்ணப்பத்துக்கு மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் பாஸ்போர்ட்டின் காலாவதி தேதியை இன்றே பாருங்கள்.

ஜுனார்மீது 2015-இல் போட்ட 9 தேசத்துரோகக் குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டது 2018-இல்தான். செய்தியாளர்கள் போன பிறகும் வழக்கு நாட்கள் வந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு வாய்தாவுக்கும் கூடப் போக ஒருவரை முறைவைத்து நியமியுங்கள். மாதம் ஒரு படமாவது அவரிடம் காசு கொடுத்து வாங்கி வெளியிடுங்கள்.