வீட்டை விட்டுக் கிளம்பும் குழந்தை: ஒரு சிறார் நாவலை எழுதும் முறை

எங்கே போகிறது என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். குழந்தை ஏன் கிளம்புகிறது என்பதை ஒரே வாக்கியத்தில் எழுதி, மேசைக்கு எதிரே ஒட்டிவையுங்கள். அந்தக் காரணம் பெரியவர்களுக்குச் சிரிப்பாகவும் குழந்தையின் கணக்கில் அசைக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். அடி, பசி, கொடுமை என்று தொடங்கினால் அது வேறு நாவல். பயந்துபோன வாசகர் வேடிக்கையை ரசிக்க மாட்டார்.

ஓர் உதாரணம். பத்து வயதுக் கயலின் உயரத்தைப் பிறந்தநாள்தோறும் கதவு நிலையில் கோடு போட்டுக் குறிப்பார்கள். தம்பி பிறந்த அமளியில் இந்த ஆண்டு மறந்துவிட்டார்கள். கோடு இல்லையென்றால் வளரவில்லை என்றுதானே அர்த்தம்? தன்னை அளந்து சொல்ல ஆள் தேடிக் கிளம்புகிறாள். 'பொறாமை' என்ற சொல் நாவலில் எங்குமே வரக் கூடாது. கோடு வந்தால் போதும்.

எட்டு முதல் பன்னிரண்டு வயது வாசகருக்கு 20,000 முதல் 25,000 சொற்கள் தாராளம். அத்தியாயத்துக்கு 1,200 சொற்கள் என்று வைத்தால் 18 அத்தியாயங்கள் வரும். படுக்கும் நேரத்தில் ஒன்றை ஒரே மூச்சில் வாசித்துக் காட்டலாம். இரண்டாம் அத்தியாயம் முடிவதற்குள் குழந்தை வாசலைத் தாண்டியிருக்க வேண்டும். முதல் வரைவுகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்கும்: குடும்ப வரலாறு, பள்ளிக்கூடம், பக்கத்து வீடு என்று ஐந்து அத்தியாயம் வீட்டுக்குள்ளேயே கழிந்துவிடும். வீட்டுக்கு ஒரு நல்ல காட்சி கொடுங்கள், பின்னால் ஏங்குவதற்கு ஒரு சத்தமும் ஒரு மணமும் அதில் இருக்கட்டும். மிச்சத்தை வழியில் சொல்லிக்கொள்ளலாம்.

பையில் ஐந்து பொருள்களுக்கு மேல் வேண்டாம். வைத்த ஒவ்வொன்றும் பின்னால் பயன்பட வேண்டும், ஒன்றாவது எதற்காக எடுத்தாளோ அதற்கு உதவாமல் வேறொன்றுக்கு உதவ வேண்டும். அளவு நாடாவை உயரம் பார்க்க எடுத்துப் போகிறாள், அதில் எண்கள் அழிந்திருக்கின்றன. கடைசியில் அது கயிறாகத்தான் உதவுகிறது.

இனி விசித்திரம். எது வேண்டுமானாலும் நடக்கும் உலகத்தில் எதற்கும் பதற்றம் இருக்காது. எனவே நடக்க முடியாத ஒன்றை மட்டும் அனுமதித்து, அதற்கு எல்லையும் விலையும் வையுங்கள். கயலின் குடை பேசும். மழை பெய்யும்போது மட்டும் பேசும். சொன்னதைத் திரும்பச் சொல்லாது. இந்த மூன்று விதிகளே பாதிக் கதையைப் பெற்றுத் தரும்: வழி கேட்க வேண்டிய நாளில் வெயில் கொளுத்துகிறது, கயல் பூவாளியால் தண்ணீர் தெளித்து ஏமாற்றப் பார்க்கிறாள், குடை தூக்கக் கலக்கத்தில் பாதி வழியை மட்டும் சொல்லிவிட்டு மௌனமாகிறது. விதியை நான்காம் அத்தியாயத்துக்குள் சொல்லிவிடுங்கள். நெருக்கடி வந்தபிறகு புது விதி முளைத்தால் குழந்தைகள் அதை அழுகுணி ஆட்டம் என்று உடனே பிடித்துவிடுவார்கள்.

கிளம்பும் வழி நிஜத்தில் செய்துபார்க்க முடியாததாக இருக்கட்டும். மழையில் மட்டும் தெரிகிற, மழை விட்டதும் மறைகிற தெரு என்றால் பாதகமில்லை. தண்ணீர்த் தொட்டி, தண்டவாளம், மொட்டைமாடி விளிம்பு, முன்பின் தெரியாதவர் ஓட்டும் வண்டி இவையெல்லாம் வேண்டாம். செய்துபார்க்கும் பிள்ளை ஒன்று எங்காவது இருக்கும்.

ஒன்பதாம் அத்தியாயம் வாக்கில் கதை தொய்யும். இங்கே ஒரு வினோத ஆள், அங்கே ஒரு வினோத ஊர் என்று கோத்துக்கொண்டே போவதுதான் காரணம். அத்தியாயச் சுருக்கங்களை வரிசையாக எழுதி, இடையில் என்ன சொல் பொருந்துகிறது என்று பாருங்கள். 'பிறகு' மட்டுமே பொருந்தும் இடத்தில் ஒன்றை வெட்டுங்கள்; 'அதனால்' அல்லது 'ஆனால்' பொருந்தினால் விட்டுவிடுங்கள். சந்திக்கும் ஒவ்வொருவருக்கும் அளவைப் பற்றி ஒரு பிடிவாதம் இருந்தால் (ஒருவர் நிழலை அளப்பார், இன்னொருவர் பசியை) கதையின் கோவை தானாக இறுகும்.

திரும்பும் வழியை முன்கூட்டியே விதைக்க வேண்டும். 1900-இல் வெளிவந்த எல். ஃபிராங்க் பாமின் ஓஸ் நாவலில், அந்த மாய நாட்டில் வந்திறங்கிய அன்றே சிறுமி டோரதிக்குக் கிடைத்த வெள்ளிக் காலணிகள்தான் கடைசியில் அவளை வீட்டில் சேர்க்கின்றன. பெரியவர் வந்து மீட்பதும், எல்லாம் கனவு என்று முடிப்பதும் குழந்தை பட்ட பாட்டைப் பறித்துவிடும்.

மொழியில் இரண்டு எச்சரிக்கைகள். 'எழுந்து, ஓடி, குதித்து, தாண்டி' என்று வினையெச்சங்களை அடுக்காதீர்கள். வாய்விட்டு வாசிப்பவருக்கு மூச்சு முட்டும், மூன்றோடு முற்றுப்புள்ளி வையுங்கள். உரையாடல் பேச்சுத் தமிழிலேயே இருக்கட்டும். 'நான் வளரவில்லையா?' என்று கயல் கேட்க மாட்டாள், 'நான் வளரவே இல்லியா?' என்று சிணுங்குவாள். குடுகுடு, சலசல போன்ற இரட்டைக்கிளவிகள் பக்கத்துக்கு ஒன்று இருந்தால் இனிக்கும், நான்கு இருந்தால் இரைச்சல்.

வரைவு முடிந்ததும் நான்கைந்து பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். 'பிடித்ததா?' என்று கேட்டால் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அவர்கள் நெளியும் பத்தியின் ஓரத்தில் ஒரு கோடு இழுங்கள், குறுக்கே கேட்கும் கேள்வியை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். 'அவங்க அம்மா தேட மாட்டாங்களா?' என்று ஏழாம் அத்தியாயத்தில் கேள்வி வந்தால், அங்கே விளக்கம் செருக வேண்டாம். இரண்டாம் அத்தியாயத்துக்குப் போய், கயல் திரும்பும்வரை வீட்டுக் கடிகாரம் நகராது என்று ஒரு வரி சேருங்கள்.