அமெரிக்கன் கிரீம் குட்டியின் நிறத்தை உறுதிசெய்து பதிவேட்டில் சேர்க்கும் முறை

அமெரிக்கன் கிரீம் என்ற பாரமிழுக்கும் குதிரையினத்தில் முதல் குழப்பத்தை உண்டாக்குவது அதன் பெயர்தான். மேனி பாலாடை நிறத்தில் இருந்தாலும், அந்நிறத்தைத் தருவது மரபியலார் 'கிரீம்' என்றழைக்கும் மரபணு அன்று, ஷாம்பெயின் மரபணு. 1911இல் அயோவா மாநிலத்து ஏலம் ஒன்றில் வாங்கப்பட்ட 'ஓல்டு கிரானி' என்ற பெட்டையிலிருந்து கிளைத்த இவ்வினத்துக்கு 1944இலேயே சங்கம் அமைந்துவிட்டது. நிறத்தின் காரணமோ இந்த நூற்றாண்டில்தான் தெளிவாயிற்று.

ஆகவே குட்டி பிறந்ததும் மேனியைவிடத் தோலையும் கண்களையும் பாருங்கள். வாலைத் தூக்கி அதன் அடிப்பகுதியையும், மூக்கைச் சுற்றியும் பகல் வெளிச்சத்தில் நோக்கினால், ஷாம்பெயின் குட்டிக்குத் தோல் பளிச்சென்ற இளஞ்சிவப்பாகவும் கண்கள் வெளிர்நீலமாகவும் இருக்கும். வளர வளரக் கண்கள் தேன் நிறத்துக்கு மாறும். தோலில் சிறு புள்ளிகள் விழும். ஆனால் ஒற்றைக் கிரீம் மரபணுவுடைய பாலோமினோ என்ற பொன்னிறக் குட்டியும் சில வேளை இளஞ்சிவப்புத் தோலுடன் பிறந்து, சில நாட்களில் கருத்துவிடும் என்பதால், முதல் நாள் பார்வையை மட்டும் நம்பிப் படிவத்தை நிரப்புவது அவசரம்.

ஷாம்பெயின் ஓங்கு மரபணு. தாய் அல்லது தந்தை வழியாக ஒரு பிரதி கிடைத்தாலே நிறம் வெளிப்படும். இனத்தின் அடிப்படை நிறம் செம்பழுப்பு. ஒற்றைப் பிரதியுள்ள இரு குதிரைகளைச் சேர்த்தால் நான்கில் ஒரு குட்டி வெறும் செம்பழுப்பாகப் பிறக்க வாய்ப்புண்டு. அது கலப்பின் அடையாளம் அன்று. இரட்டைப் பிரதியுள்ள குதிரையின் குட்டிகள் எல்லாம் ஷாம்பெயினாகவே பிறக்கும். ஒற்றையையும் இரட்டையையும் கண்ணால் பிரித்தறிவது கடினமாதலால் பரிசோதனையே வழி.

அதற்கு மயிரைக் கத்தரிக்கக் கூடாது. வேரோடு இருபது முப்பது இழைகளைப் பிடுங்க வேண்டும். டிஎன்ஏ வேரில்தான் இருக்கிறது. குட்டியின் பிடரி மயிர் மிக மென்மையானது என்பதால் வால் மயிரே நல்லது. விரலில் சுற்றி, வெடுக்கென்று இழுத்து, வெண்ணிற வேர்முனைகள் தெரிகின்றனவா என்று பார்த்த பிறகே உறையில் இடுங்கள்.

பொலிகுதிரையாகப் பதிய இளஞ்சிவப்புத் தோலும் வெண்ணிறப் பிடரியும் வாலும் கட்டாயம். தூய இனக் குட்டியாக இருந்தும் நிறம் மிகக் கருத்திருந்தால் முதன்மைப் பதிவேடு ஏற்காது. துணைப் பதிவேட்டில் இடம் உண்டு.

அதே மயிரில் ஜெஇபி என்ற தோல்நோய்க்கான பரிசோதனையையும் கேட்டுவிடுங்கள். இது இரு பிரதிகளும் சேர்ந்தால்தான் வெளிப்படும் ஒடுங்கு மரபணுவால் வருவது. தாய் தந்தை இருவரும் சுமந்தால் நான்கில் ஒரு குட்டிக்குத் தோல் உரிந்து, குளம்பே கழன்றுவிடும். சுமக்கும் குதிரையை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை, குறிப்பாக எண்ணிக்கை இவ்வளவு சுருங்கிய இனத்தில்; அதைச் சுமக்காத குதிரையோடு சேர்த்தால் போதும்.